இரண்டாம் கழனித்தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரேடியோவில் திருச்சி நிலையம் தெளிவாக எடுக்கவில்லையென்றால், பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டுவிடலாம் என்று மைக்கேல்ராஜ் மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். போனின் அந்தப் பக்கம் பென்சன் சந்தோஷமாகச் சிரித்தான்.

"அவ்ளோதாம்ப்பா. ப்ளூடூத் போர்டு வாங்கி மேசை மேலயே கெடக்குது. அம்மாவோட வருஷப் பூசைக்கு வரும்போது எடுத்தாறேன். அரை மணி நேர வேலை. அம்மா கேட்ட பாட்டு அத்தனையும் போன்லருந்தே வரும். ஒரு கரகரப்பு இருக்காது."

"கரகரப்பே இல்லன்னா அது என்னாடா ரேடியோ?"

"கரகரன்னுதான் வருது, ஒண்ணியும் கேக்கலன்னு நீதானப்பா தெனம் பொலம்புற?"

அவர் போனை வைத்தார்.

மகன் சொல்வதில் தப்பும் இல்லை. அம்மா போன வீட்டில் அப்பா தனியாக உட்கார்ந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பெங்களூரில் இருந்துகொண்டு எந்தப் பிள்ளைதான் பொறுப்பான்? ஆனால் வால்வையெல்லாம் பிடுங்கிவிட்டு உள்ளே ஒரு தீப்பெட்டி அளவு போர்டை ஒட்டினால் அது பாட்டுப் பாடுகிற அலமாரி. அவர் மனைவி ஜெபமணி அலமாரியைக் கேட்கவில்லை, ரேடியோவைக் கேட்டாள்.

அது வால்வு ரேடியோ. தேக்குப் பெட்டி, முன்னால் பொன்னிறத் துணி, அதன் கீழே பல்வரிசைபோலத் தந்த நிறப் பொத்தான்கள். நெற்றியில் ஒரு பச்சைக் கண். நிலையம் சரியாக மாட்டினால் அந்தப் பச்சை வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி, வெயிலில் படுத்த பூனையின் கண்போல மூடிக்கொள்ளும். மாட்டாவிட்டால் அகலத் திறந்து முறைத்துக்கொண்டிருக்கும். கல்யாணமாகி ஊத்தங்கரையிலிருந்து வந்தபோது ஜெபமணி அதைப் பஸ்ஸில் மடியில் வைத்தபடியே ஓசூர் வரைக்கும் வந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பொட்டியோடதான் வந்தேன். இவரு கூட வந்தவரு" என்று பிற்பாடு யாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஓசூரில் எந்த ரேடியோவைத் திருகினாலும் முதலில் பாய்ந்து வருவது பெங்களூர்தான். அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். திருச்சி அப்படியல்ல. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். ஜெபமணிக்குத் திருச்சிதான் வேண்டும். விடியற்காலைச் செய்தியும் அதன் பின்னால் வரும் பழைய பாட்டும் முடிந்தால்தான் அவளுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக் கிளம்புவதும் கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான். மத்திகிரிக் கோயில் மணி அடித்தாலும் சரி, "இருங்க, இந்தச் சரணம் முடியட்டும்" என்பாள். கர்த்தர் காத்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

போன சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கொஞ்சம் அடங்கி, ஒரு ஆனி மாதக் காலையில் மைக்கேல்ராஜ் தாமாகவே ரேடியோவைப் போட்டார். திருச்சி வந்தது. மழைக்காலம் முழுக்க வந்தது. தை பிறந்ததிலிருந்து மெல்ல மெல்லத் தேய ஆரம்பித்தது. மாசியில் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். பங்குனியில் கிணற்றின் மேல் யாரோ பலகை போட்டு மூடிவிட்டார்கள். இப்போது சித்திரை. இரைச்சல் மட்டும்தான். பச்சைக் கண் மூடவே இல்லை.

வருஷப் பூசை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியின் பழைய பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவது என்று அவர் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். இதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

மைக்கேல்ராஜ் சும்மா ஆள் இல்லை. சிப்காட்டில் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். எந்த மெஷின் நின்றாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். ஆகவே திங்கட்கிழமையே மொட்டை மாடிக்கு ஏறினார். ஏரியல் கம்பி துருப்பிடித்திருந்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பியை மூங்கிலுக்கு மூங்கில் இழுத்துக் கட்டினார்.

பக்கத்துத் தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த வெங்கடப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மைக்கேல்ராஜிடம் தமிழ். மூன்றிலும் கிண்டல்தான்.

"என்னா சார், மேல வேலி கட்டறீங்க? சானமாவு காட்டு ஆனை மாடி ஏறாது சார்!"

"ஆனைக்கு இல்லய்யா. உன்னை மாதிரி ஆளுங்க எட்டிப் பாக்காம இருக்க."

"நான் பாக்கலன்னா உங்களை வேற யாரு சார் பாக்கறது?"

புதுக் கம்பியை மாட்டி ரேடியோவைப் போட்டார். இரைச்சல் இன்னும் கொஞ்சம் கனமாக வந்தது. திருச்சி வரவில்லை.

அன்று சாயங்காலமே அவருக்குச் சந்தேகம் வெங்கடப்பன் மேல் திரும்பியது. தோட்டத்தில் புதிதாகப் போர் போட்டு மோட்டார் வைத்திருந்தார்கள். அந்த ஸ்டார்ட்டர் பெட்டிதான் காற்றில் கரகரப்பைக் கலக்கிறது என்று மைக்கேல்ராஜ் முடிவு கட்டினார். மறுநாள் காலையில் வேலியோரம் போய் நின்றார்.

"வெங்கடப்பா, செய்தி முடியற வரைக்கும் மோட்டாரை நிறுத்தேன்."

"கரெண்ட் வர்றதே அப்பதான் சார். நீங்க செய்தி கேக்க என் ரோசா காயணுமா?"

"ஒரே ஒரு நாளு."

வெங்கடப்பன் முனகிக்கொண்டே நிறுத்தினார். தானும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு பேரையும் முறைத்தது. இரைச்சலில் துளிகூட மாற்றம் இல்லை.

"மோட்டார் மேல கேஸ் இல்லன்னு எழுதிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

புதன்கிழமை மைக்கேல்ராஜ் ரேடியோவைப் பழைய போர்வையில் சுற்றி, ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறினார். அங்கே தக்காளி மண்டிக்கு எதிரில் நாராயணப்பன் என்று ஒரு மெக்கானிக். மிக்சி, டேபிள் ஃபேன்தான் பிழைப்பு என்றாலும் வால்வு ரேடியோ என்றால் ஆசையாகக் கைவைப்பவர். பஸ்ஸில் காலியான தக்காளிக் கிரேட்டுகளுக்கு நடுவே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, அன்றைக்கு ஜெபமணிக்குத் தொடை எப்படி மரத்துப்போயிருக்கும் என்பது முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே அவள் என்று நினைத்து, தனியாகச் சிரித்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாராயணப்பன் பின்பலகையைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாக உருவி, கால்களைத் துடைத்து, திரும்ப மாட்டினார். உப்பிப்போன ஒரு கண்டென்சரை மாற்றினார். தன் மேசை மேலிருந்த ஏரியலையும் மண்ணில் இறங்கும் எர்த் ஒயரையும் செருகிச் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. முள்ளைத் திருகினார்.

தக்காளி மண்டியின் ஏலச் சத்தத்துக்கு மேல், திருச்சி தெளிவாகப் பேசியது. பச்சைக் கண் சுகமாக மூடிக்கொண்டது.

மைக்கேல்ராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீ சொல்லி இரண்டு பேரும் குடித்தார்கள். போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் போட்டார்.

இரைச்சல்.

போனில் நாராயணப்பனைப் பிடித்தார். "இங்க வர்லயே! உங்க கடையில மட்டும் எப்படிய்யா பாடுச்சு?"

"ரேடியோவுக்கு ஒண்ணுமில்ல சார். உங்க வூட்டுக்குத்தான் ஒடம்பு சரியில்ல போல. ஏரியல் எப்படி இருக்குது?"

"புதுசு. செம்பு."

"எர்த்து நல்லா இருக்குதுங்களா?"

மைக்கேல்ராஜுக்குச் சுருக்கென்றது. "எர்த்தா? யாரு கிட்ட கேக்குற? ப்ளாண்ட் மொத்தத்துக்கும் எர்த் பாத்தவன்யா நான். ஒயர் டைட்டா இருக்குது, க்ளிப் சுத்தமா இருக்குது, நேரா மண்ணுக்குள்ள போவுது. வேற என்னா வேணும்?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார், சும்மா கேட்டேன்" என்று நாராயணப்பன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

மைக்கேல்ராஜ் சொன்னது பொய்யும் இல்லை. தொழிற்சாலையைச் சுற்றியிருந்த எர்த் பிட் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. வெயில் காலம் வந்துவிட்டால் தோட்டக்காரரை விரட்டிக்கொண்டே இருப்பார். "குழிக்குத் தண்ணி ஊத்தினியா? உப்புப் போட்டியா? காஞ்ச மண்ணு கரெண்ட்டை வாங்காதுய்யா, அதுவும் நம்மள மாதிரிதான், தொண்டை நனைஞ்சாத்தான் முழுங்கும்!" என்று அவர் போடும் கூச்சல் உருக்கு உலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ரிட்டையர்மென்ட் விழாவில் ஒரு பையன் அதைப் பேசிக் காட்டியே கைதட்டல் வாங்கினான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டு எர்த் ஒயரைக் குனிந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பேனாக் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கினார். அது ஜன்னல் வழியாக வெளியே போய், சுவரோரம் இறங்கி, கொல்லை மூலையில் மண்ணுக்குள் புகுந்தது. மண்ணுக்குள் புகுந்த பிறகு அதன் கதி என்ன என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாமியார் வந்து புது வீட்டை மந்திரித்த மறுநாள், அவர் ஷிப்டுக்குப் போயிருந்தபோது மாமனார்தான் அங்கே குழி தோண்டி ஏதோ புதைத்தார். இவர் வந்தபோது கிழவர் கை கழுவிக்கொண்டிருந்தார். மாமனாரிடம் போய் என்ன புதைத்தீர்கள் என்று எந்த மாப்பிள்ளை கேட்பான்?

சனிக்கிழமை மத்தியானம் பென்சனும் மனைவி ஃபெபாவும் வந்து இறங்கினார்கள். பென்சன் பையிலிருந்து முதலில் எடுத்தது மட்டன் மசாலா, அடுத்தது ப்ளூடூத் போர்டு. மைக்கேல்ராஜ் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு, மருமகளிடம் மட்டும் பேசினார்.

"வெயில்ல வந்தது தலை வலிக்குதாம்மா?"

"இல்ல மாமா. நீங்கதான் எளைச்சிட்டீங்க. சிங்க் எல்லாம் வசதியா இருக்குதா?"

சிங்க் பென்சன் செய்த ஏற்பாடு. ஜெபமணி இருந்தவரை அரிசி கழுவுவது, கீரை அலசுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் கொல்லைக் கல்லில்தான். அவள் போன பிறகு அப்பா குத்துக்காலிட்டு உட்கார வேண்டாமென்று சமையலறைக்குள்ளேயே சிங்க் வைத்து, குழாயை நேரே சாக்கடையில் விட்டுக் கொடுத்திருந்தான்.

"அதெல்லாம் ரொம்ப வசதிம்மா" என்றார் அவர். உண்மைதான்.

ஞாயிறு விடிந்தது. ஃபெபா எழுந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். பூசை முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட வருவார்கள். மைக்கேல்ராஜ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். பென்சன் கையில் ஸ்குரூ டிரைவரோடு பின்னால் வந்து நின்றான்.

"போட்டுப் பாருப்பா. உன் ஆசைக்கு."

வால்வுகள் சூடாகின. இரைச்சல் எழுந்தது. அவர் முள்ளை நகர்த்தி, திருச்சி இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். இரைச்சலுக்கு அடியில் ஒரு ஆள் பேசுவதுபோலத் தோன்றியது, பேசாததுபோலவும் தோன்றியது. பச்சைக் கண் அகலத் திறந்தபடியே இருந்தது.

மைக்கேல்ராஜ் முள்ளிலிருந்து கையை எடுத்தார்.

"சரி" என்றார். "வாக்குன்னா வாக்கு. ஆனா வால்வைத் தூக்கிப் போடக் கூடாது. பஞ்சுல சுத்தி ஒரு டப்பாவுல வெச்சிடு."

"வெக்கறேம்ப்பா." பென்சனுக்கே குரல் இறங்கிவிட்டது. "செய்தி முடியட்டும். அவசரம் இல்ல."

சமையலறை சிங்க்கில் மட்டன் ஊறிக்கொண்டிருந்தது. ஃபெபா பிரியாணிக்கு ஊறவைத்த அரிசிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கல்லில் வைத்துக் கழுவினாள். முதல் தண்ணீரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வெங்கடப்பன் மனைவி சென்னம்மாள் மாட்டுக்கென்று வாளியில் பிடித்துக்கொண்டாள். "உங்கத்தை போனதிலருந்து எங்க மாட்டுக்கு இந்த ருசியே இல்லம்மா" என்றாள் அவள். இரண்டாம் தண்ணீரை ஃபெபா அப்படியே சாய்த்து மூலையில் ஊற்றினாள். பெரிய குண்டான், அத்தனை பேருக்கான அரிசி. மூலை குடம் குடமாகக் குடித்தது. மூன்றாம் தண்ணீரும் அங்கேதான் போனது.

உள்ளே, இரைச்சல் ஒரு படி இறங்கியது.

மைக்கேல்ராஜ் முள்ளின் மேல் கை வைக்கவில்லை. பென்சனும் தொடவில்லை. செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தார். முதலில் பாதி வார்த்தை, அப்புறம் முழு வார்த்தை, அப்புறம் ஒரு முழு வாக்கியம். பச்சை வெளிச்சம் ஓரங்களிலிருந்து மெல்ல நகர்ந்து, நடுவில் ஒரு நூலளவு வரைக்கும் நெருங்கியது.

"ஏய்!" என்று மைக்கேல்ராஜ் எழுந்தார். "யாரு என்னாத்தைத் தொட்டது?"

"நான் ஒண்ணியும் தொடலப்பா!"

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். ஃபெபா குண்டானும் கையுமாக மிரண்டு நின்றாள்.

"என்னாம்மா பண்ண?"

"அரிசி கழுவுனேன் மாமா. கழனித்தண்ணியை ஊத்தினேன். ஏன், என்ன ஆச்சு?"

"எங்க ஊத்துன?"

"இங்கதான். அத்தை எப்பவும் இந்த மூலையிலதான ஊத்துவாங்க? மொதத் தண்ணி மாட்டுக்கு, ரெண்டாந்தண்ணி மூலைக்கும்பாங்க. நான் வேற எடத்துல கொட்டப் போனப்ப ஒரு தடவை திட்டுகூட வாங்கியிருக்கேன்."

மைக்கேல்ராஜ் மூலையைப் பார்த்தார். சுவரோரம் இறங்கிய எர்த் ஒயர், நனைந்து கறுத்த மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் புல் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு பூண்டுகூட இல்லை.

அந்த மொட்டை இடத்தை வைத்து அவர் ஜெபமணியை எத்தனை கேலி செய்திருக்கிறார்! "எதுவுமே மொளைக்காத எடத்துக்கு வருஷக்கணக்கா தண்ணி ஊத்தற ஒரே பொம்பளை நீதான்" என்பார். அதோடு சனிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் போடுவாள். நத்தைக்குப் போடுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். உப்புப் போட்டால் எங்கே முளைக்கும்? அவள் சண்டைக்கு வந்ததில்லை. "உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பாக்கறேன்" என்பதோடு சரி. அந்தக் குழியைத் தோண்டிய கிழவர் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் செய்தாள். அவ்வளவுதான். தண்ணீரும் உப்பும். தொழிற்சாலையில் இவர் தொண்டை கிழியக் கத்தியதை, வீட்டில் ஒருத்தி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் மண் தானாக நனைந்தது. தை மாதத்தில் காய்ந்தது. சிங்க் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. எல்லாம் அவர் கண் முன்னால்தான் நடந்தது.

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. ஃபெபா பயந்துபோய், "மாமா, அழாதீங்க" என்றாள். அவர் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது.

"காஞ்ச மண்ணு கரெண்ட்டை வாங்காதுய்யா!" என்று பின்னால் வந்த பென்சன், அப்பாவின் தொழிற்சாலைக் குரலிலேயே சொன்னான். ஒயரையும் மண்ணையும் ஒரு தடவை பார்த்ததிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. "ப்ளாண்ட் மொத்தத்துக்கும் எர்த் பாத்த ஆளு!"

"வாயை மூடுடா. சிங்க்கு வெச்சவன் நீதான?"

"நான் அம்மாவோட இன்சார்ஜ்ல கை வெச்சிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்கடப்பன் தலை முளைத்தது. "என்னா சார், வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப என் மோட்டாருக்கு மன்னிப்பு?"

"மத்தியானம் பிரியாணி சாப்பிட வா. சென்னம்மாவையும் கூட்டிட்டு வா. அதான் மன்னிப்பு."

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. மைக்கேல்ராஜ் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபெபா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டாள். பென்சன் ஸ்குரூ டிரைவரை மசாலாப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தான். பாட்டுக்கு அடியில் கரகரப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. வெகுதூரத்திலிருந்து வருவது, கொஞ்சம் தூசியோடுதான் வரும்.

கோயில் மணி அடித்தது.

"அப்பா, நேரமாச்சு. பூசை நம்ம பேர்லதான். சாமியார் காத்திருப்பாரு."

"இரு" என்றார் மைக்கேல்ராஜ். "இந்தச் சரணம் முடியட்டும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் வாசகம் ஆரம்பித்திருந்தது. பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது.

மறுநாள் பென்சனும் ஃபெபாவும் கிளம்பிய பிறகு, மைக்கேல்ராஜ் தம் ஒருவருக்கான அரிசியை அளந்து, சிங்க்கைப் பார்த்தார், பிறகு கொல்லைக் கல்லில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் முனகியது. ஒரு டம்ளர் அரிசியின் கழனித்தண்ணீர் ஒரு சொம்பு கூடத் தேறவில்லை. வேலியோரம் சென்னம்மாள் வாளியோடு வந்து நின்றுவிட்டாள்.

"மொதத் தண்ணி எங்களுதுங்க சார். அம்மா காலத்து வழக்கம்."

அவர் மறுபேச்சில்லாமல் முதல் தண்ணீரை அவள் வாளியில் ஊற்றினார். இரண்டாம் தண்ணீர் மூலைக்குப் போனது. அது போதாதென்று தோன்றியது. அரிசி வெளுத்து, கழுவ ஒன்றுமில்லாமல் பளிச்சென்று ஆன பிறகும், இன்னொரு தடவை தண்ணீர் விட்டு நிதானமாகக் கழுவினார்.